மலைக்கு நாடி பார்த்தவர்கள்

ஒஸ்லோவில் இப்போது மாலை நாலு மணி, வெளியே இருட்டிவிட்டது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு எட்டரை. சாப்பாட்டு நேரத்தில் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. எரிமலைகளைக் கண்காணித்த வரலாறு பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவிப்பு வந்ததும் ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அக்கா, நீங்கள் நர்ஸ். உங்களுக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். நான் புவியியல் படித்தவள் இல்லை. ஊரில் தாதியர் பயிற்சி முடித்து டிப்ளோமா வாங்கினேன். பிறகு இங்கே வந்து மொழி படித்து, மறுபடி சோதனை எழுதி, அதே வேலையில் இருக்கிறேன். இருபது வருடமாக மனிதர்களின் நாடியையும் காய்ச்சலையும் மூச்சையும் தாளில் எழுதி வைப்பதுதான் தொழில். எரிமலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார்கள் என்று ஒரு இரவுப் பணியில் வாசித்தபோது தெரிந்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து டிராமில் போனால் ஏக்கபர்க் என்ற குன்று வரும். அங்கே நின்றால் ஒஸ்லோ நகரும் கடல்நீர் உள்ளே புகுந்த ஃபியோர்டும் தெரியும். எட்வர்ட் முங்க் வரைந்த 'அலறல்' ஓவியத்தின் பின்னணி அந்த இடம்தான். இரண்டு நண்பர்களோடு நடந்து வந்தபோது வானம் இரத்தச் சிவப்பாக மாறியதாகவும், தான் நடுங்கிப்போய் நின்றுவிட்டதாகவும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஓவியம் 1893ஆம் ஆண்டு. நடந்தது அதற்கு முன்னால். 2004இல் டொனால்ட் ஓல்சன் என்ற அமெரிக்க வானியலாளரும் கூட்டாளிகளும் ஒரு கருத்தைச் சொன்னார்கள்: அந்தச் சிவப்பு 1883 நவம்பர் கடைசியில் கிறிஸ்தியானியாவில், அதாவது அன்றைய ஒஸ்லோவில், கண்ட அந்திச் சிவப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இந்தோனேசியாவில் வெடித்த கிரகடோவா. 2017இல் ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஹெலன் மூரி இதை மறுத்தார். குளிர்காலத்தில் இங்கே அபூர்வமாகத் தெரியும் முத்துநிற மேகங்களைத்தான் முங்க் கண்டிருப்பார் என்பது அவர் வாதம். நான் மேகக் கட்சி. ஒருமுறை அந்த மேகத்தை இந்தக் குன்றிலிருந்து நானே பார்த்திருக்கிறேன், கை கால் விறைத்துப்போனது. ஆனால் முங்க் எதைக் கண்டிருந்தாலும் 1883இன் அந்திச் சிவப்பு உண்மை. அது உலகமெங்கும் தெரிந்தது.

நமக்கு அது வேறு நிறத்தில் வந்தது. 1883 செப்டெம்பர் மாதம், கிரகடோவா வெடித்துச் சில நாட்களில், சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாக உதித்துப் பச்சையாக மறைந்தது. சில இடங்களில் நீலம் என்றார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த சார்லஸ் மிச்சி ஸ்மித் நிறமாலைமானியை எடுத்து அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தை உருவாக்கியவர் இவரேதான். நீராவியால் வந்ததா, எரிமலைத் தூசியால் வந்ததா என்று அப்போது பெரிய விவாதம். துகள்களின் பருமன் ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துவரும்போது சிவப்பு கூடுதலாகச் சிதறிப் பச்சையும் நீலமும் மிஞ்சும் என்று இப்போது விளக்குகிறார்கள்.

இலங்கைக்கு நிறம் மட்டும் வரவில்லை. ஆகஸ்ட் 27ஆம் தேதி வெடிச்சத்தமே வந்தது. தூரத்தில் பீரங்கி சுடுகிறார்கள் என்று சனங்கள் நினைத்தார்கள். இந்து சமுத்திரத்தில் 4,800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரொட்ரிகஸ் தீவு வரை அந்தச் சத்தம் கேட்டது. பிறகு கடல் வந்தது. காலியில் நீர் உள்வாங்கிப் படகுகள் தரையில் கிடந்தன. கிழக்கே அறுகம் குடாப் பக்கம் ஒரு பெண் நீரில் அள்ளுண்டு இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. நான் மட்டக்களப்புக்காரி. அறுகம் குடா எங்களுக்குத் தெற்கே அதே கரையில் இருக்கிறது. அந்த ஒரு வரியை வாசித்த பிறகு என்னால் புத்தகத்தை மூட முடியவில்லை.

கிரகடோவா எச்சரிக்கை இல்லாமல் வெடித்த மலை இல்லை. மே 20ஆம் தேதியே புகையும் சாம்பலும் கக்கத் தொடங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து பட்டாவியாவிலிருந்து ஆட்கள் டிக்கெட் எடுத்துக் கப்பலில் போய், தீவில் இறங்கி, வாயருகே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தது. தந்திக் கம்பி இருந்தது, டச்சு அரசாங்கம் இருந்தது, துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். ஆனால் தினமும் அந்த மலையைப் பார்த்துக் குறிப்பெடுத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. 36,000 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் அலையில்.

அந்தக் காலத்தில் அப்படிப் பார்க்கும் வழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நேப்பிள்ஸில் வெசுவியஸ் மலைச்சரிவில் 1841லேயே ஒரு ஆய்வகம் கட்டியிருந்தார்கள். உலகத்தின் முதல் எரிமலை ஆய்வகம் அதுதான். லூயிஜி பல்மியேரி அங்கே ஒரு மின்காந்த நிலநடுக்கக் கருவியைச் செய்து வைத்தார். மனிதக் காலுக்குத் தெரியாத நடுக்கத்தை அது காட்டியது. 1872இல் மலை வெடித்தபோதும் அவர் ஆய்வகத்தை விட்டு இறங்கவில்லை. ஆனால் அது ஒரு மலை, ஒரு கட்டடம். 1902 மே 8, ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள், கரீபியனில் மர்த்தினீக் தீவின் பெலே மலை சேன் பியேர் நகரத்தைச் சில நிமிடங்களில் எரித்தது. ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள். அந்தச் சாம்பலைப் போய்ப் பார்த்த தோமஸ் ஜாகர் என்ற இளம் அமெரிக்கர், வெடித்த பிறகு போய்ப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, மலையோடு குடியிருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். 1912இல் ஹவாயில் கிலாவியா எரிமலையின் விளிம்பில் ஆய்வகம் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

நோர்வேக்கு வருகிறேன். ஒஸ்லோ நகரமே பழைய எரிமலைகளின் மேல்தான் இருக்கிறது என்பது இங்குள்ள தமிழர்களில் பலருக்குத் தெரியாது. நகரத்துக்கு மேற்கே கொல்சோஸ் மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறுவோம். அதன் மேற்பகுதி முழுக்க லாவா. பழுப்புச் சிவப்புக் கல்லில் சாய்சதுரப் பளிங்குத் துண்டுகள் பதிந்திருக்கும், கேக்கில் முந்திரி போட்டது மாதிரி. இந்த வகைக் கல் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அந்தார்டிகாவின் எரபஸ் எரிமலையிலும் உண்டு, வேறு அதிக இடங்களில் இல்லை. சுமார் 30 கோடி வருடங்களுக்கு முன்னால் இங்கே நிலம் பிளக்கப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் புது வீடுகளில் 'புளூ பேர்ல்' என்று மினுங்கும் கருநீலக் கல்லைச் சமையலறை மேடைக்குப் போடுவார்கள். அது இந்த ஒஸ்லோப் பிளவின் அடியில் உறைந்த பாறைதான்.

இவை செத்த மலைகள். நோர்வேயின் உயிருள்ள எரிமலை வடக்கே கடலுக்குள் இருக்கிறது. யான் மாயன் என்ற தீவு, அதில் பேரன்பர்க் என்ற மலை, உயரம் 2,277 மீட்டர். நோர்வேக் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி, பனி மூடி, மேகம் மூடி நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் உள்ள இயங்கும் எரிமலைகளில் உலகின் வடகோடியில் இருப்பது அதுதான். என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரிகளிடம் "உங்கள் நாட்டில் எரிமலை இருக்கிறது தெரியுமா?" என்று கேட்பேன். பாதிப்பேர் "அது ஐஸ்லாந்து" என்பார்கள்.

அந்தத் தீவின் வரலாறு ஒரு தாதியை அழவைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் திமிங்கில வேட்டைக்கு அங்கே போனார்கள். கோடையில் வேட்டை, குளிர் தொடங்கமுன் திரும்பிவிடுவார்கள். 1633இல் மட்டும், குளிர்காலத்திலும் அங்கே மனிதர் தங்க முடியுமா என்று பார்க்க ஏழு பேரை விட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஏழு பேரும் ஒரு நாட்குறிப்பு எழுதினார்கள். பெரும்பகுதி வானிலைதான்: காற்று எந்தப் பக்கம், பனியா மழையா, கடலில் ஐஸ் எவ்வளவு. நடுநடுவே உடம்பு வீங்குவதும் பலம் குறைவதும். உப்பிட்ட இறைச்சியைத் தின்று தின்று வந்த ஸ்கர்வி. எலுமிச்சம்பழங்கள் இருந்திருந்தால் போதியிருக்கும். 1634 ஏப்ரல் கடைசியோடு எழுத்து நின்றுவிடுகிறது. கோடையில் கப்பல் வந்தபோது ஏழு பேரும் இறந்திருந்தார்கள். சாகக் கிடந்தவன் கடைசி நாள் வரை காற்றின் திசையை எழுதியதை நினைத்துப் பார்க்கிறேன். நாங்களும் அப்படித்தான். நோயாளி போய்விடுவார் என்று தெரிந்த இரவிலும் நாலு மணிக்கு ஒருமுறை அட்டையில் குறித்துக்கொண்டே இருப்போம்.

1732இல் ஒரு ஜெர்மன் கப்பல் தலைவன் இந்த மலை எரிவதைக் கடலிலிருந்து கண்டான். 1818இல் இன்னொரு புகை. 1882 தொடக்கம் 1883 கோடை வரை, முதலாம் சர்வதேசத் துருவ ஆண்டுக்காக, ஆஸ்திரிய ஹங்கேரியர்கள் அங்கே தங்கிக் காந்தப்புலமும் வானிலையும் அளந்தார்கள். அவர்கள் சாமான் கட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அதே கோடையில்தான் கிரகடோவா வெடித்தது. 1921இல் நோர்வேக்காரர்கள் வானிலை நிலையம் வைத்தார்கள். தீவு நோர்வேயின் பகுதியானது அந்த நிலையத்தை வைத்துத்தான். அங்கிருந்து வரும் காற்றழுத்தக் கணக்கு இல்லாவிட்டால் மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்க முடியாது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், மலையைப் பார்க்கவில்லை. அது அணைந்த மலை என்றே பலர் நம்பியிருந்தார்கள்.

1970 செப்டெம்பரில் அது வெடித்தது. வடகிழக்குச் சரிவில் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து ஐந்து இடங்களில் நெருப்பு பீறிட்டது. லாவா கடலில் இறங்கித் தீவோடு ஏறக்குறைய நாலு சதுர கிலோமீட்டர் புது நிலத்தைச் சேர்த்தது. நிலையத்தில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். யாரும் சாகவில்லை. அவர்களின் வீடுகள் தீவின் மறுபாதியில், முப்பது கிலோமீட்டர் அளவு தள்ளி இருந்ததுதான் காரணம். அது அதிர்ஷ்டம், கண்காணிப்பு என்று சொல்லமாட்டேன்.

அதன் பிறகு பேர்கன் பல்கலைக்கழகம் தீவில் நிலநடுக்கக் கருவிகளைப் பெருக்கியது. 1985 ஜனவரியில் மலை மறுபடி வெடித்தது. துருவ இரவு, சூரியனே எழாத நாட்கள். போதாததற்குப் பனியும் மேகமும். கண்ணால் ஒருவர் மலையைப் பார்த்துச் சொல்ல முடியாத அந்த நேரத்தில் கருவியின் ஊசி ரிக்டர் 5 வரை போன நடுக்கங்களை எழுதிக்கொண்டிருந்தது. ஒன்றரை நாளில் லாவா ஓய்ந்துவிட்டது. சின்ன வெடிப்புதான்.

இப்போது, ஒரு மலை வெடிக்கப்போவது எப்படித் தெரியும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழே உருகிய பாறை மேலே வரும்போது வழியில் உள்ள பாறையை உடைத்துக்கொண்டு வரும். அந்த உடைவுகள் சின்னச் சின்ன நடுக்கங்களாகப் பதிவாகும். அது நாடி. பாறைக்குழம்பு சேரச் சேர மலை வீங்கும். ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோளும் சில மில்லிமீட்டர் வீக்கத்தையும் காட்டும். நாங்கள் காலில் விரலால் அழுத்தி நீர்க்கட்டு பார்ப்போமே, அதுபோல. அழுத்தம் குறையும் உயரத்துக்கு வந்ததும் கரைந்திருந்த கந்தக வாயு வெளியே வரும். சோடாப் போத்தலின் மூடி திறந்தது மாதிரி. அது மூச்சு. ஒரு எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்து எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் முக்கியம்.

எங்கள் வாட்டில் இதற்கு ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. 'நியூஸ்' என்பார்கள். லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் கொண்டுவந்தது. மூச்சு எண்ணிக்கை, ஒக்சிஜன், இரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல்சூடு, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால், இத்தனைக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிடு என்று வரும். அது வருவதற்கு முந்திய காலத்தில் நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரு இரவு. எழுபது வயது மனிதர், இடுப்பு எலும்பு சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மூச்சு மட்டும் 18, பிறகு 20, பிறகு 22. முகம் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், எண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன என்றார். ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். அதே பதில், இந்த முறை கொஞ்சம் சலிப்போடு. மூன்றாவது முறை போன் பக்கம் போன கை நின்றுவிட்டது. புதுசாக வந்தவள், மொழி சரியாக வராதவள், சும்மா சும்மா கூப்பிடுகிறாள் என்று நினைப்பார்களோ என்று. நாற்பது நிமிடம் பொறுத்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் அவருக்கு இரத்தத்தில் கிருமி பரவி அழுத்தம் விழுந்துவிட்டது. தீவிர சிகிச்சையில் பதினொரு நாள் இருந்து இறந்தார். அந்த நாற்பது நிமிடத்தால்தான் இறந்தார் என்று எவரும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை.

எரிமலைக்காரர்களின் வரலாற்றில் இந்த நாற்பது நிமிடத்தைத்தான் நான் தேடித் தேடி வாசிக்கிறேன். 1976இல் பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப் தீவில் லா சூஃப்ரியேர் மலை புகையத் தொடங்கியது. குளோட் அலேக்ர் தரப்பினர் ஆபத்து என்றார்கள். ஹருன் தாசியேஃப் ஆபத்தில்லை என்றார். பத்திரிகைகளில் இருவரும் நாறடித்துக்கொண்டார்கள். அரசாங்கம் 70,000 பேருக்கு மேல் வெளியேற்றி மாதக்கணக்கில் முகாம்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வைத்தது. பெரிய வெடிப்பு வரவில்லை. பயிர் போனது, வியாபாரம் போனது, அறிஞர்களின் மேலிருந்த மதிப்பும் போனது.

ஒன்பது வருடம் கழித்துக் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ். அது ஒரு வருடமாக முனகிக்கொண்டிருந்தது. 1985 அக்டோபரில் ஆபத்து வரைபடமே வெளியிட்டார்கள். சேற்று வெள்ளம் வந்தால் ஆர்மெரோ நகரத்துக்குமேல் வரும் என்று அதில் நிறம் தீட்டியிருந்தது. அதை மிகைப்படுத்தல் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வெளியேற்றுவதற்கு ஆகும் செலவும், பொய்யாய்ப் போனால் வரும் கெட்ட பெயரும் எல்லார் மனதிலும் இருந்தன. நவம்பர் 13 பின்னேரம் ஆர்மெரோவில் சாம்பல் விழுந்தது. அமைதியாக வீட்டுக்குள் இருங்கள் என்று சனங்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு ஒன்பது மணி கடந்து மலை வெடித்து உச்சிப் பனி உருகியது. அந்தச் சேறு பள்ளத்தாக்குகளில் இறங்கி நகரத்தை அடைய இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. நடந்துபோய்ப் பக்கத்துக் குன்றில் ஏறியிருக்கலாம். ஏறக்குறைய 23,000 பேர் போனார்கள். இடிபாட்டில் இடுப்பளவு சிக்கி மூன்று நாள் உயிரோடு இருந்த ஒமைரா சாஞ்செஸ் என்ற பதின்மூன்று வயதுப் பிள்ளையின் படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நான் அதை ஒருமுறைதான் பார்த்தேன்.

அந்த இரண்டரை மணித்தியாலம் எனக்குக் கதையில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நான் கிழக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. சுமாத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியது எங்கள் நேரத்துக்குக் காலை ஏழு மணியளவில். ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி மையம் கொஞ்ச நேரத்திலேயே நடுக்கத்தைக் கண்டுகொண்டது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கு ஒரு எச்சரிக்கை ஏற்பாடும் இருக்கவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அலை எங்கள் கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மாமி அந்த நேரத்தில் பூசைக்குப் போகச் சேலை தேய்த்துக்கொண்டிருந்தா. வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தால் பத்து நிமிடம், கோயில் கடலுக்குத் தள்ளி உள்ளே இருந்தது. ஒன்பது மணிக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைத் துணி விலக்கித் துணி விலக்கிப் பார்த்தபடி வேலை செய்தேன். மாமியை இரண்டாம் நாள் கண்டேன். நோர்வேக்காரர்களுக்கும் அந்த நாள் தெரியும். தாய்லாந்துக் கடற்கரைகளில் விடுமுறைக்குப் போன அவர்களின் ஆட்கள் 84 பேர் இறந்தார்கள். ஒஸ்லோவில் பிக்டோய் கரையில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. வருடத்தில் ஒருமுறை அங்கே போய் மாமிக்காகவும் நிற்பேன்.

நல்ல கதை ஒன்றையும் சொல்லவேண்டும். பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ மலை ஐந்நூறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, காடு மூடியிருந்தது, எரிமலை என்றே பலருக்குத் தெரியாது. 1991 ஏப்ரல் 2ஆம் தேதி அதன் சரிவில் நீராவி வெடித்தது. அதை முதலில் கண்டவர்கள் மலையில் வாழும் ஆய்தா பழங்குடி மக்கள். அவர்களோடு வேலை செய்த எம்மா ஃபொண்டவில்லா என்ற கன்னியாஸ்திரி அந்தச் செய்தியை எரிமலை நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். ஒரு சிஸ்டர் சொல்லி என்ன என்று அங்கே இருந்தவர்கள் தள்ளிவிடவில்லை. இயக்குநர் ரேமுண்டோ புனொங்பயான் ஆட்களை அனுப்பினார். ஆர்மெரோவுக்குப் பிறகு அமெரிக்கர்கள் உருவாக்கியிருந்த அவசரக் குழுவிலிருந்து கிறிஸ் நியூஹோலும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். கருவிகளை நட்டார்கள். மே நடுவில் ஒரு நாளைக்கு 500 தொன்னாக இருந்த கந்தக வாயு இரண்டு வாரத்தில் 5,000 தொன்னுக்கு மேல் போனது. பிறகு திடீரென்று குறைந்தது.

அது குறைந்ததை வாசித்தபோது கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆஸ்துமாக்காரப் பிள்ளைக்கு மூச்சில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். திடீரென்று சத்தம் நின்றால் பெற்றோர் நிம்மதியடைவார்கள், தாதி ஓடுவாள். காற்றே போகவில்லை என்று அர்த்தம். பினாட்டுபோவிலும் அவர்கள் அப்படித்தான் எண்ணினார்கள்: வாயு வரும் வழி அடைபட்டிருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கையை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். நம்பாத அதிகாரிகளுக்கு மொரிஸ் கிராஃப்ட் எடுத்த எரிமலைப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தை எடுத்த மொரிஸும் மனைவி கத்தியாவும் ஜூன் 3ஆம் தேதி ஜப்பானின் உன்சென் மலையில் எரிந்து செத்தார்கள். ஜூன் 10ஆம் தேதி அமெரிக்கர்களின் கிளார்க் விமானத் தளம் காலியானது, ஏறக்குறைய 14,500 பேர். ஜூன் 15ஆம் தேதி, புயலும் சேர்ந்தடித்த நாளில், மலை தன் முழுப் பலத்தோடு வெடித்தது. குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகப் பிற்பாடு கணக்கிட்டார்கள்.

புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடும். தாதியால் நிறுத்த முடியாது. காப்பாற்றிக் கொண்டுவந்த ஆய்தா மக்களை முகாம்களில் நெருக்கமாக வைத்தார்கள். பிள்ளைகளில் பலருக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. தட்டம்மை, வயிற்றோட்டம், நுரையீரல் அழற்சி. முகாம் நோய்களில் இறந்தவர்கள் முந்நூறுக்கும் மேல், சேற்று வெள்ளத்தில் இறந்தவர்களைவிடக் கூட. அதிலும் ஆய்தாப் பிள்ளைகள்தான் அதிகம். மலையை முதலில் கண்டு சொன்னவர்களின் பிள்ளைகள். சரியான நாளில் வெளியேற்றுவது வரை எல்லாம் சரியாகச் செய்த ஒரு கூட்டத்துக்கு ஒரு குளிர்பெட்டியும் கொஞ்சம் ஊசிகளும் முன்கூட்டி ஞாபகம் வரவில்லை. சிவகாசியிலோ மன்னாரிலோ நாளைக்கு ஒரு வெளியேற்றம் நடந்தாலும் இதை முதலில் கேட்பேன்.

கடைசியாக, பொய்யாய்ப் போகும் எச்சரிக்கையை ஒரு சமூகம் எப்படித் தாங்குகிறது என்பதற்கு நோர்வேயில் ஒன்று பார்த்தேன். இது எரிமலை இல்லை, இடிந்துவிழும் மலை. இங்கே ஃபியோர்டுகளில் மலைத்துண்டு விழுந்து அலை எழும்பி ஊர்கள் அழிந்திருக்கின்றன. 1934இல் தாஃபியோர்டில் 40 பேர். அதனால் இப்போது ஓக்னெஸ் போன்ற மலைகளின் பிளவுகளை இரவு பகலாக அளக்கிறார்கள், அவை வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் விரியும். ரும்ஸ்டால் பள்ளத்தாக்கில் வெஸ்லமானன் என்று ஒரு மலைத்துண்டு. 2014 அக்டோபரில் இன்றோ நாளையோ விழும் என்று கீழே இருந்த வீடுகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். தேசியத் தொலைக்காட்சி கமராவை வைத்து நேரலை போட்டது. நாங்களும் வாட்டில் ஓய்வறையில் மலையைப் பார்த்தபடி கோப்பி குடித்தோம். விழவில்லை. ஆட்கள் வீடு திரும்பினார்கள். அடுத்த மழைக்கு மறுபடி வெளியேற்றம், மறுபடி விழவில்லை. ஐந்து வருடத்தில் பதினாறு தடவை. ஊரெல்லாம் பகிடி. ஆனால் பதினாறாவது தடவையும் அந்தச் சில குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். அளந்தவர்களும் பதினாறாவது தடவையும் வெட்கப்படாமல் போனை எடுத்தார்கள். 2019 செப்டெம்பர் 5 இரவு அது விழுந்தது. கீழே யாரும் இல்லை.

இரவுப் பணியில் மூன்று மணி போல ஓய்வு கிடைக்கும்போது ஐஸ்லாந்து வானிலை நிலையத்தின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். கடந்த 48 மணித்தியாலத்தில் எங்கெல்லாம் நிலம் நடுங்கியது என்று புள்ளி புள்ளியாக இருக்கும், யாரும் பார்க்கலாம். 2023 நவம்பர் 10 இரவு கிரிந்தவிக் ஊர்ப் பக்கம் அந்தப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரைபடமே தெரியாமல் போனது. அந்த இரவிலேயே ஏறக்குறைய நாலாயிரம் பேரையும் காரில் ஏற்றி ஊரைக் காலிசெய்தார்கள். அன்று மலை வெடிக்கவில்லை. டிசம்பர் 18 வரை வெடிக்கவில்லை. ஜனவரியில் லாவா ஊருக்குள் வந்து மூன்று வீடுகளை எரித்தபோது அந்த வீடுகளில் ஆட்கள் இல்லை. போன வாரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் அறையில் மணி அடித்தது. ஒன்றும் இல்லை, தலையணை சரிந்துவிட்டதாம். சரிசெய்துவிட்டு, கையோடு அவவின் மூச்சையும் எண்ணினேன். 16.